நாலு மோட்டார், ஒரு டிரைவ்: கோழி ஷெட் ஃபேன்களை வைத்து ஒரு வழிகாட்டி

பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணை. ஷெட்டின் ஒரு முனையில் வரிசையாக எக்ஸாஸ்ட் ஃபேன்கள். அதில் நான்கை, மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டியான ஒரே டிரைவில் கோர்த்திருந்தது. ஒருநாள் காலையில் பண்ணைக்காரர் போன் செய்தார். மூன்றாவது ஃபேன் நின்றுவிட்டது, மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, கருகல் வாடை வேறு. போய்ப் பார்த்தால் டிரைவ் சமர்த்தாக 40.00 ஹெர்ட்ஸ் என்று காட்டியபடி மற்ற மூன்றையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஃபால்ட் பதிவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. “ஏனுங்க தம்பி, டிரைவ் இருக்கறப்பவே காயில் போயிருச்சுங்களே?” என்று கேட்டார். அந்த வயரிங் போட்டவன் நான்தான்.

காரணம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. டெர்மினல் பாக்ஸில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) சரியாக இறுகாமல் ஒரு ஒயர் கழன்றிருந்தது. அந்த மோட்டார் இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. நல்ல மோட்டார்கள் அந்த வேகத்தில் ஆளுக்கு 1.9 ஆம்பியர் இழுக்கும். கெட்டது ஏறக்குறைய இரு மடங்கு, 3.8 என்று வையுங்கள். மொத்தம் ஒன்பதரைக்குப் பக்கம். டிரைவின் தாங்கு அளவோ 13 ஆம்பியர். அதன் கண்ணுக்கு எல்லாம் சுகம். தன் வழியாகப் போகும் மொத்தக் கரண்ட் எவ்வளவு என்றுதான் டிரைவுக்குத் தெரியும்; அதற்கு அப்புறம் நாலாகப் பிரிந்து யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பது தெரியவே தெரியாது. இந்தக் கட்டுரையில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எந்த இன்வெர்ட்டர்?

டிரைவுக்கு இன்வெர்ட்டர் என்றும் ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றதும் பேட்டரியோடு வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அது இல்லை. மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, பேனல் கடைக்காரர் வாயில் ‘டிரைவ்’. உள்ளே நடப்பது மூன்று வேலை. வரும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் ஏசியை டிசியாக்குகிறது. அந்த டிசி சுமார் 587 வோல்ட் இருக்கும். பெரிய கப்பாசிட்டர்களில் அதைத் தேக்குகிறது. பிறகு ஐஜிபிடி சுவிட்சுகள் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நறுக்கி, நாம் கேட்ட ஃபிரிக்வென்சியில் மறுபடி மூன்று ஃபேஸாகக் கொடுக்கின்றன. ஃபிரிக்வென்சி குறையும்போது வோல்டேஜும் அதே விகிதத்தில் குறையும்: 50 ஹெர்ட்ஸில் 415 என்றால் 25 ஹெர்ட்ஸில் பாதி. இப்படிக் குறைக்காவிட்டால் மோட்டாரின் இரும்பு காந்தத்தால் திணறி, சும்மா சூடாகும்.

நாலு போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் காந்தச் சுழற்சி நிமிடத்துக்கு 1500. நிஜமான வேகம் அதைவிடச் சற்றுக் குறைவு, 1400 அல்லது 1440 என்று நேம் பிளேட்டில் இருக்கும். ஒரே டிரைவில் நாலு மோட்டாரைப் போட்டால் நாலுக்கும் ஒரே ஃபிரிக்வென்சிதான் போகும். ஒன்றை மட்டும் மெதுவாக ஓட்டு என்று சொல்ல வழியில்லை. இது முதலில் மனதில் பதிய வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஏசியை டிசியாக்கும் பகுதி மட்டும் பொதுவாக இருக்கும். அந்த டிசியிலிருந்து மோட்டாருக்கு ஒரு இன்வெர்ட்டர் என்று தனித்தனியாகப் பிரியும். காமன் டிசி பஸ் என்பார்கள். பேப்பர் மில், பெரிய கிரேன் போன்ற இடங்களில் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி வேகம் கிடைக்கும். புதிதாகப் பழகுபவர் கை வைக்கிற வேலை இல்லை, விடுங்கள்.

உங்கள் வேலைக்கு இது பொருந்துமா?

மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, ஒரே வேகத்தில் ஓடி, ஒன்றாக நிற்க வேண்டுமானால் பொருந்தும். ஃபேன் வரிசை, ரோலர் கன்வேயர் இரண்டும் கச்சிதமான உதாரணங்கள். எச்.பி. வேறுவேறாக இருந்தாலும் பரவாயில்லை. நேம் பிளேட் வோல்டேஜும் ஃபிரிக்வென்சியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஓடும்போது இன்னொன்று நிற்க வேண்டும், இடையில் சேர வேண்டும், தனி வேகம் வேண்டும் என்றால் தனித்தனி டிரைவ் வாங்கிவிடுங்கள். எடை தூக்கும் ஹாய்ஸ்ட் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

காசுக் கணக்கையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு பெரிய டிரைவ் மலிவு என்று தோன்றும். ஆனால் மோட்டாருக்கு ஒரு எம்பிசிபி (மோட்டாரைக் காக்கும் சுவிட்ச்), அவுட்புட் சோக் (டிரைவின் வெளிப்பக்கம் போடும் சுருள்), பெரிய பேனல் என்று சேர்த்தால் இரண்டு மோட்டாருக்குப் பெரிய லாபம் நிற்காது. இரண்டே மோட்டார் என்றால் நான் இரண்டு டிரைவே போடச் சொல்வேன். நான்கு, ஆறு என்று போகும்போதுதான் பொது டிரைவுக்கு அர்த்தம் வருகிறது.

இன்னொரு சோதனை: மோட்டார் மூன்று ஃபேஸா என்று பாருங்கள். கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இதில் மாட்டக் கூடாது. சின்ன சுவர் ஃபேன்களில் பலது சிங்கிள் ஃபேஸ்தான்.

ஃபேனில் என்ன மிச்சம்?

காற்றின் அளவு வேகத்துக்கு நேராகக் குறையும். மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். 40 ஹெர்ட்ஸ் என்றால் வேகம் 80 சதவீதம், மின்சாரம் சுமார் 51 சதவீதம். நான்கு ஃபேனை 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மூன்று ஃபேனுக்கும் கொஞ்சம் கூடுதலான காற்று கிடைக்கும், கரண்ட் செலவோ இரண்டு ஃபேனுக்கு ஆவது போலத்தான். பண்ணைக்காரர்கள் டிரைவ் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. காற்றழுத்தம் வேகத்தின் இரண்டாம் அடுக்கில் விழும். 25 ஹெர்ட்ஸில் ஃபேனின் தள்ளும் வலிமை கால்வாசிதான். பக்கத்தில் இன்னொரு ஃபேன் நேரடிக் கரண்டில் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தால், இந்த மெதுவான ஃபேன் தோற்றுப்போய் அதன் வழியாக வெளிக்காற்றே உள்ளே வரும். ஷட்டர் படபடக்கும். அதனால் ஷெட்டில் எட்டு ஃபேன் இருந்து நான்கை மட்டும் டிரைவில் போட்டால் ஓட்டும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டிரைவ் ஃபேன்கள் மட்டும், 25-லிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை. அதுவும் போதவில்லை என்றால் டிரைவை 50-லேயே வைத்துவிட்டு மற்ற நான்கை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது.

எட்டையும் ஒரே டிரைவில் போடலாமே என்று கேட்பார்கள். மூடிய ஷெட்டில் வெயில் காலத்தில் காற்று நின்றால் கோழிகள் செத்து விழ அதிக நேரம் ஆகாது. ஒரு பெட்டி போனால் எல்லா ஃபேனும் போகும் என்கிற நிலையை எந்தப் பண்ணையிலும் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் சரி.

முதல் வேலை: நேம் பிளேட்டும் கூட்டலும்

மோட்டார் ஒவ்வொன்றிலும் ஏறி நேம் பிளேட்டைத் துடைத்து, ஆம்பியர் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்துவிட்டால் இரண்டாம் தடவை ஏற வேண்டாம். நம் உதாரணத்தில் 1.5 எச்.பி., அதாவது 1.1 கிலோவாட், 2.6 ஆம்பியர். நான்கு மோட்டார், 10.4 ஆம்பியர். இதன்மேல் பத்திலிருந்து இருபது சதவீதம் கூட்டினால் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் வரும்.

டிரைவை எச்.பி. பார்த்து வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. நான்கு ஒன்றரை, ஆறு எச்.பி., ஐந்தரை எச்.பி. டிரைவே கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். ஐந்தரை எச்.பி. என்று விற்கும் 4 கிலோவாட் டிரைவ் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை ஆம்பியர்தான் கொடுக்கும். தவிர, சின்ன மோட்டார்களின் பவர் ஃபாக்டரும் திறனும் கம்மி. ஒரே பெரிய மோட்டார் இழுப்பதைவிட, அதே கிலோவாட்டுக்கு நாலு சின்ன மோட்டார் சேர்ந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அதனால் ஆம்பியரை மட்டும் பாருங்கள். நமக்கு வேண்டியது 12 அல்லது 13 ஆம்பியர் தரும் 5.5 கிலோவாட் டிரைவ்.

இந்தக் கணக்கு எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்போதுதான் செல்லும். டிரைவ் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றிருக்கும் மோட்டார் ஒன்றை இடையில் சேர்த்தால், அது நேரடியாகக் கரண்டில் மாட்டியது போல ஆறு மடங்கு இழுக்கும். 2.6 அந்த நொடியில் 15 ஆகும். மற்ற மூன்றும் 7.8. மொத்தம் 23 ஆம்பியரை 13 ஆம்பியர் டிரைவிடம் கேட்டால் ஓவர்கரண்ட் என்று ட்ரிப் ஆகி நாலும் நிற்கும். ட்ரிப் ஆனால் அதிர்ஷ்டம். திரும்பத் திரும்பச் செய்தால் ஒருநாள் ஐஜிபிடி போகும்.

மோட்டாருக்கு ஒரு காவலாள்

கருகிய அந்த மோட்டாருக்கு இல்லாதது இதுதான். ஒவ்வொரு மோட்டாருக்கும் டிரைவுக்கு அப்புறம் தனி ஓவர்லோடு பாதுகாப்பு வேண்டும். இரண்டு வழி உண்டு.

ஓவர்லோடு ரிலே வைக்கலாம். ஆனால் ரிலே தானாகக் கரண்டைத் துண்டிக்காது. அதன் 95-96 காண்டாக்ட் திறக்கும், அவ்வளவுதான். நாலு ரிலேயின் 95-96-ஐயும் வரிசையாகக் கோர்த்து டிரைவின் வெளி ஃபால்ட் இன்புட்டுக்குக் கொண்டுபோனால், எது ட்ரிப் ஆனாலும் டிரைவ் நின்றுவிடும். கன்வேயருக்கு இது அருமை, ஏனென்றால் ஒரு ரோலர் நின்றால் மொத்தமும் நிற்க வேண்டும். கோழி ஷெட்டுக்கு இது விஷம். ஒரு ஃபேன் கெட்டதற்காக நாலும் நிற்கக் கூடாது.

எனவே ஷெட்டில் எம்பிசிபி. அதுவே சுவிட்ச், அதுவே ஓவர்லோடு. ஒரு ஃபேஸ் போனாலும் உணர்ந்து அந்த மோட்டாரை மட்டும் கழற்றிவிடும். 2.5-லிருந்து 4 ஆம்பியர் வரை திருகும் எம்பிசிபி எடுத்து 2.6-ல் வையுங்கள். அதன் பக்கவாட்டில் மாட்டும் துணைக் காண்டாக்டை ஒரு மணிக்கோ சிவப்பு விளக்குக்கோ கொடுங்கள். ராத்திரி ஷெட்டில் படுத்திருப்பவர் காதில் விழ வேண்டும். ஓடும் டிரைவிலிருந்து ஒரு சின்ன மோட்டார் கழன்றுகொள்வதை டிரைவ் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். திரும்பச் சேர்ப்பதுதான் ஆபத்து. எம்பிசிபியை ரீசெட் செய்வதானால் டிரைவை முதலில் நிறுத்துங்கள். வாங்கும் மாடலை டிரைவின் அவுட்புட்டில் வைக்கலாமா என்று அதன் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் ஓவர்லோடுகள் சில 50 ஹெர்ட்ஸை மட்டும் நம்பி வேலை செய்பவை.

காரணமே இல்லாமல் எம்பிசிபி ட்ரிப் ஆகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் கேபிள் நீளமோ, டிசியை நறுக்கும் வேகமான கேரியர் ஃபிரிக்வென்சியோதான் காரணம். உடனே செட்டிங்கை நாலுக்குத் திருகி விடாதீர்கள். அப்படித் திருகினால் காவலாளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது போலத்தான்.

கேபிள் நீளம்: எல்லாவற்றையும் கூட்டுங்கள்

டிரைவிலிருந்து போவது வழுவழுப்பான அலை இல்லை, கூர்மையான துடிப்புகள். நீளமான கேபிளில் அவை மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் துடிப்பு டிசி பஸ்ஸின் இரு மடங்கு வரைக்கும் ஏறலாம், ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை காயில் கட்டிய பழைய மோட்டார் இதற்கு முதல் பலி. போதாததற்கு, கேபிளும் பூமியும் சேர்ந்து ஒரு கப்பாசிட்டர் போல நடந்து வீண் கரண்ட் இழுக்கும்.

சின்ன டிரைவ்களின் மேனுவலில் 50 மீட்டர், 100 மீட்டர் என்று ஒரு எல்லை போட்டிருக்கும். பல மோட்டார் வைக்கும்போது அந்த எல்லை மொத்த நீளத்துக்கு. 40 மீட்டரில் நாலு கேபிள் தனித்தனியாக இழுத்தால் டிரைவுக்கு அது 160 மீட்டர்.

ஷெட்டின் அமைப்பை வைத்தே இதை எளிதாகத் தீர்க்கலாம். ஃபேன்கள் எல்லாம் ஒரே முனையில்தான் இருக்கும். டிரைவ் பேனலையும் அந்த முனைக்குக் கொண்டுபோங்கள். கண்ட்ரோல் ரூமிலிருந்து அங்கே வரை வருவது சாதாரண சப்ளை கேபிள். அது எத்தனை மீட்டர் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. பேனலிலிருந்து ஒவ்வொரு ஃபேனுக்கும் ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டர்தான் வரும். மொத்தம் 35-க்குள் முடிந்துவிடும். அப்படியும் குறைக்க முடியவில்லை என்றால் டிரைவ் வாயில் அவுட்புட் சோக் ஒன்று போடுங்கள்.

சரி, பேனலை எங்கே மாட்டுவது? ஷெட்டுக்குள் வேண்டாம். தூசியும் இறகும் அம்மோனியாவும் சேர்ந்து சர்க்யூட் போர்டைத் தின்றுவிடும். வெளிச்சுவரில், ஃபேன் காற்று அடிக்காத பக்கமாக, மேலே கூரைத் தகடு போட்டு, தூசி புகாத பெட்டியில் வையுங்கள். டிரைவ் நூற்றுக்கு மூன்று பங்கு போலச் சூடாக வீணாக்கும். முழு லோடில் 150 வாட். 100 வாட் குண்டு பல்பு ஒன்றரையை மூடிய பெட்டியில் எரிப்பது போல. பெட்டியைப் பெரிதாக எடுங்கள், டிரைவுக்கு மேலும் கீழும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் கூடாது.

வயரிங்

சப்ளை எம்சிசிபி (மெயின் பிரேக்கர்) வழியாக டிரைவின் ஆர், எஸ், டி-க்கு. டிரைவின் யு, வி, டபிள்யூ-விலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் ஒரு பஸ்பாருக்கோ டெர்மினல் வரிசைக்கோ. அங்கிருந்து நாலு எம்பிசிபி, ஒவ்வொன்றிலிருந்தும் 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிள் அதன் மோட்டாருக்கு. சப்ளையைத் தவறி யு, வி, டபிள்யூ பக்கம் கொடுத்துவிட்டால் டிரைவ் அன்றே போய்விடும். பழைய ஸ்டார்டர் இருந்தால் கழற்றுங்கள். பவர் ஃபாக்டர் கப்பாசிட்டர் மோட்டார் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். டிரைவின் அவுட்புட்டில் கப்பாசிட்டர் இருக்கவே கூடாது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் எர்த் ஒயர் தனியாகப் பேனலின் எர்த் பாருக்கு வர வேண்டும். ஒரு மோட்டாரிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகக் கூடாது. ஷெட் முழுக்க இரும்பும் தகடும், தரையில் தண்ணீர். இதில் சோம்பல் பட்டால் ஆள் போய்விடுவார்.

லக் எல்லாவற்றையும் கிரிம்ப் செய்து இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஃபேன் அதிர்ந்துகொண்டே இருக்கும் இடம், அதனால் டெர்மினல் பாக்ஸில் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். நான் ஒரு மோட்டாரைக் கொடுத்துக் கற்றது இது.

அப்புறம் மெக்கர், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு மோட்டாரையும் பார்க்கும்போது எம்பிசிபியை ஆஃப் செய்து, அதன் கீழ்ப்பக்க ஒயர்களைக் கழற்றி, மோட்டார் பக்கம் மட்டும் வையுங்கள். டிரைவுக்குள் மெக்கர் வோல்டேஜ் போனால் அதன் கதை முடிந்தது.

இன்னொன்று, இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். மெயினை ஆஃப் செய்த பிறகும் டிரைவின் உள்ளே கப்பாசிட்டரில் 587 வோல்ட் தேங்கி நிற்கும். டிஸ்பிளே அணைந்ததும் கை வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து, டிசி பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் மீட்டர் வைத்துப் பார்த்து, வோல்டேஜ் இறங்கியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

பாராமீட்டர்

பாராமீட்டர் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரைப் பார்த்துத் தேடுங்கள்.

கண்ட்ரோல் முறை வி/எஃப் ஆக, அதாவது முன்பு சொன்ன வோல்டேஜ்-ஃபிரிக்வென்சி விகித முறையாக இருக்க வேண்டும். வெக்டர் முறை, ஒரே ஒரு மோட்டாரின் உள்ளமைப்பை அளந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. நாலு மோட்டாரைக் காட்டினால் அது குழம்பி, குதிக்கும் அல்லது ட்ரிப் ஆகும். ஆட்டோ டியூனிங்கும் அதே காரணத்துக்காக வேண்டாம். ஸ்லிப் ஈடுகட்டும் வசதி இருந்தால் சுழியம். வி/எஃப் வளைவுகளில் ஃபேன், பம்புக்கானதைத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டார் வோல்டேஜ் 415, ஃபிரிக்வென்சி 50. மோட்டார் கரண்ட் என்ற இடத்தில் கூட்டுத்தொகை, 10.4. இதைப் போட்டுவிட்டால் டிரைவின் உள் ஓவர்லோடு மோட்டார்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். அது மெயின் ஒயரையும் டிரைவையும் பார்த்துக்கொள்ளும்.

குறைந்தபட்சம் 25 ஹெர்ட்ஸ், அதிகபட்சம் 50. வேகமெடுக்கும் நேரம் 20 நொடி. நிறுத்தும்போது சும்மா சுழன்று நிற்கட்டும். கேரியர் ஃபிரிக்வென்சியை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். மோட்டாரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும், பண்ணைக்காரர் கேட்பார். ஏற்றினால் சத்தம் அடங்கும், ஆனால் கசிவுக் கரண்ட் கூடி எம்பிசிபி சும்மா ட்ரிப் ஆகும், டிரைவும் சூடாகும். பத்தாயிரம் கோழி போடும் சத்தத்தில் இது யாருக்குக் கேட்கப் போகிறது?

கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் தானாகக் கிளம்பும் வசதியை ஷெட்டில் ஆன் செய்தே ஆக வேண்டும். ஆனால் ஃபேன்கள் அதற்குள் முழுதாக நின்றிருக்காது. சில நேரம் காற்றடித்து ஒன்று பின்பக்கமாகக்கூடச் சுழலும். சுழலும் மோட்டாரின் வேகத்தைப் பிடித்துக் கிளம்பும் வசதி ஒற்றை மோட்டாருக்குத்தான். ஆளுக்கொரு வேகத்தில் சுழலும் நாலை அது பிடிக்க முடியாது. அதை அணைத்துவிட்டு, 20 அல்லது 30 நொடி தாமதம் கொடுங்கள். கிளம்பும் முன் டிசி பிரேக் கொஞ்சம் கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். தானாகக் கிளம்பும் ஃபேன் பக்கத்தில் ஆள் வேலை பார்க்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகில் எச்சரிக்கைத் தகடு வையுங்கள். பெல்ட் மாற்றுபவர் மெயினைப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் முறை நாலையும் ஒன்றாக ஓட்ட வேண்டாம். டிரைவ் நின்றிருக்க, முதல் எம்பிசிபியை மட்டும் ஆன் செய்து 10 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். அந்தச் சோதனைக்கு மட்டும் குறைந்தபட்ச ஃபிரிக்வென்சியை இறக்கிக்கொள்ளலாம். ஃபேன் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தப்பாகச் சுழன்றால் டிரைவை நிறுத்தி, மெயினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, அந்த மோட்டாரின் எம்பிசிபியின் கீழே இரண்டு ஒயரை மாற்றுங்கள். சப்ளை பக்கம் ஃபேஸை மாற்றிப் பலனில்லை: உள்ளே வருவது டிசியாகிவிடுவதால் டிரைவுக்கு வரும் வரிசை எப்படி இருந்தாலும் மோட்டார் ஒரே பக்கம்தான் சுழலும். ரிவர்ஸ் பட்டனும் இங்கே உதவாது, நாலும் சேர்ந்து திரும்பும். இப்படி ஒவ்வொன்றாக நாலையும் சரிபாருங்கள்.

அடுத்து எல்லா எம்பிசிபியும் ஆன், டிரைவ் 25 ஹெர்ட்ஸ், பிறகு 40, பிறகு 50. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். ஒவ்வொரு மோட்டாரின் கரண்டையும் டாங் டெஸ்டரால் (ஒயரைக் கவ்வி அளக்கும் மீட்டர்) எடுத்து எழுதுங்கள். சாதாரண டாங் டெஸ்டர் டிரைவ் அவுட்புட்டில் கண்டபடி காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் வகை, லோ பாஸ் ஃபில்டர் உள்ளதாக இருந்தால் நம்பலாம். மல்டிமீட்டரால் அவுட்புட் வோல்டேஜ் பார்த்து 500-க்கு மேல் காட்டுகிறதே என்று பதறுபவர்களும் உண்டு. மீட்டர் துடிப்புகளைப் பார்த்துக் குழம்புகிறது, டிரைவ் சரியாகத்தான் இருக்கிறது.

நாலு மோட்டாரின் எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து ஏறியிருந்தால் பெல்ட் இறுக்கம், பேரிங், லூஸ் ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். அன்றைக்கு எழுதும் அந்தத் தாளைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் ஆளுக்கு அதைவிட உதவியானது எதுவும் இல்லை.

எர்த் ஃபால்ட் காட்டினால்

டிரைவ் எர்த் ஃபால்ட் என்று ட்ரிப் ஆகும். எந்த மோட்டார் என்று சொல்லாது. நாலு எம்பிசிபியையும் ஆஃப் செய்து டிரைவை வெறுமனே ஓட்டுங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் டிரைவ் நலம். பிறகு டிரைவை நிறுத்தி முதல் எம்பிசிபியை ஆன் செய்து ஓட்டுங்கள். நிறுத்தி, அதை ஆஃப் செய்து, இரண்டாவதை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரைவ் நின்றிருக்க வேண்டும். ட்ரிப் ஆகும் மோட்டாரைக் கழற்றி மெக்கர் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஷெட்டைக் குளிர்விக்கும் பேட் கூலிங் தண்ணீர் டெர்மினல் பாக்ஸில் இறங்கியதுதான் நான் அடிக்கடி பார்த்த காரணம். கேபிள் நுழையும் கிளாண்ட் கீழ்ப்பக்கம் பார்க்க இருந்தால் பாதி பிரச்சினை வராது.

டிரைவே போய்விட்டால்

நடுச்சாமத்தில் டிரைவ் போனால் ஃபேன் ஓட வேண்டுமே. நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றை வையுங்கள்: ஒரு பக்கம் டிரைவ் அவுட்புட், இன்னொரு பக்கம் நேரடி சப்ளை, பொது முனை எம்பிசிபி வரிசைக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லாத சுவிட்சாக இருக்க வேண்டும். நேரடிக் கரண்ட் டிரைவின் அவுட்புட்டுக்குள் போனால் வெடிச்சத்தம் கேட்கும். கான்டாக்டர் வைத்துச் செய்வதானால் மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் எலக்ட்ரிக்கல் இன்டர்லாக்கும் இரண்டும் வேண்டும். நேரடி சப்ளை பக்கம் ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் ஃபேன்கள் தலைகீழாகச் சுழலும், அதனால் இதையும் பகலிலேயே ஒருமுறை ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

நேரடிக்கு மாறும்போது எம்பிசிபி பழக்கம் தலைகீழாகும். நாலும் ஆன் நிலையில் சுவிட்சைத் திருப்பினால் ஒரே நொடியில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஜெனரேட்டரில் இருந்தால் அது மூச்சுத் திணறும். முதலில் நாலையும் ஆஃப் செய்து, சுவிட்சைத் திருப்பி, பத்துப் பத்து நொடி விட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும்.

தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்யப் போவது காவலுக்குப் படுத்திருக்கும் ஆள், எலக்ட்ரீஷியன் இல்லை. அதனால் பேனல் கதவில் கொட்டை எழுத்தில் நான் ஒட்டுவது இது:

டிரைவில் ஓடும்போது எந்தச் சுவிட்சையும் ஆன் செய்யாதே. மணி அடித்தால் எந்த ஃபேன் நின்றது என்று பார்த்து, போன் செய். டிரைவ் நின்றுபோனால்: 1. நாலு சுவிட்சையும் ஆஃப் செய். 2. பெரிய கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு ‘நேரடி’ பக்கம் திருப்பு. 3. ஒரு சுவிட்ச் ஆன் செய், பத்து எண்ணு, அடுத்தது. 4. டிரைவ் பெட்டியைத் திறக்காதே.